கண்ணாடியில் அழியாத எண்

வாரன் காலையில் காபி குடித்துவிட்டுத் தன் பழைய ஷெவெல் பந்தயக் காரைத் துடைத்தான். முன்கண்ணாடியில் ஷூ பாலிஷால் எழுதியிருந்த 12.40-ஐ மட்டும் தொடவில்லை. கார் கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் ஓடும் என்று பந்தயத்துக்கு முன்பே எழுதவேண்டும்; அந்த நேரத்தை ஒட்டி ஓடினால்தான் ஜெயிக்கலாம். முன்பெல்லாம் அதை மனைவி மார்சிதான் எழுதுவாள்.

பந்தயத் திடலில் நண்பன் டுவேன் அவனைப் பிடித்துக்கொண்டான். “வெயில்ல வண்டி மெதுவா ஓடுது. அந்த நம்பரை மாத்தாம தோத்துக்கிட்டே இருக்கியேடா!”

“இருக்கட்டும்.”

“புரியுது மச்சான், மார்சி சாகுறதுக்கு முன்னாடி எழுதினது. அதை மைக்குல சொல்லச் சொல்லியிருக்கேன். அவளுக்காக எல்லாரும் எழுந்து நிக்கப் போறாங்க.”

வாரன் அவசரமாகத் தடுத்தான். “வேண்டாம். அது என் கையெழுத்து. அன்னைக்கு அவளால எழுந்திருக்கவே முடியல. நானே எழுதிக்கிட்டுப் பந்தயத்துக்குக் கிளம்பிட்டேன்.”

“அவ ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா. ‘இவ்வளவு வேகமா ஓடுற காருதானே, போற வழியில என்னை ஆஸ்பத்திரியில இறக்கிவிட்டுட்டுப் போயேன்.’”