பொருந்தாத மதர்போட்

"உதுவும் பொருந்தாதோ தம்பி?"

ஞானாம்பிகை கேட்டாள். வின்சன்ற் பின்னறையிலிருந்து கொண்டுவந்த மதர்போட்டையும், கம்பியூட்டருக்குள் அதில் செருகும் அவளுடைய சின்னக் காட்டையும் மேசையில் வைத்துவிட்டு, கையில் இல்லாத அழுக்கைச் சாரத்தில் துடைத்தான்.

"பொருந்தாது அம்மா. உங்கடை காட் பழசு. இதிலை காட் செருகிற வாய் அதுக்குச் சரிவராது."

"போனமுறையும் வாய்தான் பிழை எண்டனீர்."

"அது வேறை வாய்."

போர் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் அப்போது கம்பியூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மின்சாரம் வைத்திருந்தவர்களை எண்ண விரலே தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த வின்சன்றின் கடை, சைக்கிள் டைனமோவில் றேடியோவைப் பாட வைத்துத்தான் பிழைத்தது. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஒரு ஜெனரேற்றரும் அவனிடம் இருந்ததால், கம்பியூட்டர் என்று வாய் திறந்த எல்லாரையும் ஊர் அவனிடமே அனுப்பியது.

ஞானாம்பிகையையும் அப்படித்தான் அனுப்பியது. உடுப்பிட்டியிலிருந்து, ஆட்களை ஏற்றி வரும் தட்டிவானில் வந்து இறங்குவாள். துவாயில் சுற்றிய அந்தக் காட்டைப் பச்சைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய ஒரே மகன் சுகிர்தன் கம்பியூட்டரில் அச்சுக்கோக்கும் இடமொன்றில் வேலை செய்தவன். விமானம் போட்ட குண்டில் கட்டடமும் அவனும் எரிந்து போனார்கள். இடிபாட்டைக் கிண்டியபோது எரியாமல் கிடைத்தது இந்தக் காட் மட்டும்தான்.

வீட்டில் அவனுடைய படம் ஒன்றுகூட இல்லை. இராணுவம் வீடு வீடாகச் சோதித்த காலத்தில், சுவரில் படத்தைக் கண்டால் பெடியன் எங்கே என்று கேட்பார்கள் என்ற பயத்தில், ஊரில் மற்றத் தாய்மார் செய்ததையே அவளும் செய்தாள். பள்ளிக்கூடப் படம், பிறந்தநாள் படம் எல்லாவற்றையும் தன் கையாலேயே அடுப்பில் போட்டாள். கோயில் திருவிழாவில் அவளோடு நின்று எடுத்த ஒரு படத்தை மட்டும் அவன் சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்தான். பிறகு அதைக் கம்பியூட்டருக்குள் ஏற்றி அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். "இனி ஒருத்தராலும் எரிக்கேலாது அம்மா" என்று சிரித்தான். கம்பியூட்டரின் பெட்டி திறந்து கிடந்தது. "இந்தக் காட்தான் படம் காட்டுறது" என்று தொட்டும் காட்டினான். சட்டைப்பையில் இருந்த அந்தப் படமும் அவனோடு எரிந்தது.

"அவன்ரை முகம் மறந்து போகுது தம்பி," என்றாள் ஞானாம்பிகை. "மூக்கு ஞாபகம் வருகுது. கண் வருகுதில்லை. பெத்தவளுக்கு இப்பிடியும் ஒரு தண்டனையோ?"

வின்சன்ற் துவாயின் நுனியை எடுத்து மடித்துவிட்டான். "தேடுவம் அம்மா," என்றான்.

தேடியதெல்லாம் அவள்தான். நெல்லியடியில் பிள்ளைகள் ரியூசன் படித்துப் பூட்டிக் கிடந்த ரியூட்டரியில் ஒன்று, வெளிநாடு போனவர் வீட்டில் ஒன்று என்று கெஞ்சி மன்றாடி மதர்போட்டுகளைக் கொண்டுவந்தாள். ஜெனரேற்றர் புகை ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொரு முறையும் அவளை வெளியே இருத்திவிட்டு, அவன் பின்னறைக்குப் போவான். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வருவான்.

அன்று அவன் ஒரு முடிவோடு பேசினான்.

"அம்மா, இனி அலையாதேங்கோ. இந்தக் காட்டுக்கு ஏற்ற மதர்போட் யாழ்ப்பாணத்திலை இல்லை. கொழும்பிலைதான் இருக்கும்."

கொழும்பு என்றால் ஊரைவிட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், கிளாலிக் கடலைப் படகில் இருட்டோடு கடக்க வேண்டும், ஆமியின் சோதனையைத் தாண்ட வேண்டும். காரைநகருக்குக்கூடப் போயறியாத மனிசி இதோடு ஓய்ந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான்.

அவள் காட்டை மறுபடி துவாயில் சுற்றினாள். "அப்ப இதைக் காட்டி அங்கை வாங்கலாம்தானே?"

"ஓம்... வாங்கலாம்."

அதன் பிறகு அவள் வரவில்லை. நாள் போகப் போக வின்சன்றுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு காலை, தலையணை ஒன்றை அணைத்தபடி ஒரு முதியவர் கடைக்குள் வந்தார். தாடி மழிக்காத முகம்.

"நீர்தானே வின்சன்ற்? நான் ஏரம்பு. ஞானாம்பிகையின்ரை மனிசன்."

தலையணையின் ஒரு பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது. பஞ்சை விலக்கி உள்ளேயிருந்து ஒரு மதர்போட்டையும் அந்தக் காட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "ஆமிக்குத் தெரியாமல் கொழும்பிலையிருந்து இதுக்குள்ளை வைச்சுத் தைச்சுக் கொண்டு வந்தவள்."

"அம்மா வரேல்லையோ ஐயா?"

"வரேக்கை கிளாலியிலை நேவி சுட்டவன். படகு கரைக்கு வந்தது. அவளும் வந்தாள், இதைக் கட்டிப் பிடிச்சபடி. கையை விரிச்சு எடுக்கத்தான் நாங்கள் பாடுபட்டம்." அவர் நிறுத்தினார். "முந்தநாள் அவளின்ரை முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது."

வின்சன்ற் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் படத்திலை மகனுக்குப் பக்கத்திலை தானும் நிக்கிறன் எண்டு சொன்னவள். இனி ரெண்டு பேரையும் பாக்க எனக்கு அது ஒண்டுதான் கிடக்கு. மாட்டிப் பாரும் தம்பி. இது பொருந்துமோ?"

"பொருந்தும் ஐயா," என்ற வின்சன்றின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் முதன்முதல் துவாயை விரித்த அன்றே அந்தக் காட் பின்னறையில் இருந்த அவனுடைய கம்பியூட்டரில் பொருந்தியது. பிறகு அவள் கொண்டுவந்த ஒவ்வொரு மதர்போட்டிலும் பொருந்தியது. காட் படத்தைக் காட்டுமே தவிர வைத்திருக்காது, வைத்திருந்த பாகம் மகனோடு எரிந்துவிட்டது என்று அந்தத் தாயிடம் சொல்ல மனம் வராமல்தான், அவன் ஒவ்வொரு முறையும் பொருந்தாது என்று சொல்லி அனுப்பினான்.