மூன்று வீடு, முப்பது நாள்

“பத்து நாள்ல ஒரு நாள் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேம்ப்பா” என்று மூத்த மகன் போனில் கறாராகச் சொன்னதும் டைம்டேபிள் போனைக் கையால் மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், “சண்டை போடறான்” என்று பெருமையாகக் கிசுகிசுத்தார்.

டைம்டேபிள் என்பது நண்பர்கள் வைத்த பெயர். முப்பத்தோரு வருஷம் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டவர். அவர் போட்ட நேரத்துக்கு ஒரு பஸ்கூட வந்ததில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டிலும் அதே மரியாதைதான். அவர் எட்டரை என்றால் குடும்பம் ஒன்பதே காலுக்குக் கிளம்பும்.

பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று நாடுகளில் இருந்தார்கள். ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து, ஒரே பயணத்தில் மூன்று வீட்டுக்கும் போய்வருவதென்று முடிவானது. எப்போது வரலாம் என்று அவர் செய்தி அனுப்பியதுதான் தாமதம், மூவரும் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டார்கள். மாதத்தின் முதல் பத்து நாள் தனக்குத்தான் என்று மூத்தவனும் மகளும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மகள் மனசில்லாமல் நடுப் பத்துக்கு இறங்கி வந்தாள். மிச்சமிருக்கும் பத்து நாளை யாரும் தொடக் கூடாது என்று சின்னவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“போன மாசம் வரைக்கும் போனை எடுக்கவே நேரமில்லாதவங்க...” என்று மனைவி இழுத்தாள்.

“வயசாக ஆக எனக்கு மவுசு கூடுது. பொறாமைப்படாதே” என்றார் டைம்டேபிள்.

மூத்தவன் போனை வைக்கும் முன், இன்னும் காலையில் நடக்கப் போகிறீர்களா என்று விசாரித்தான். தினமும் நாலு கிலோமீட்டர், மழை பெய்தாலும் விடுவதில்லை என்றார். “அப்பாடா” என்றான் மகன். அந்த அப்பாடாவை அவர் மறுநாள் பூங்காவில் கூட நடக்கிறவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார். தன்னை ஏலம் விடாத குறைதான், ஒரு பஸ்ஸுக்குக்கூட இத்தனை பேர் அடித்துக்கொண்டதில்லை என்றார்.

சாப்பாட்டு மேசையில் முப்பது நாள் அட்டவணைக்காக ஓர் அட்டையை விரித்து, மூன்று வீட்டுக்கும் மூன்று நிற மையில் கோடு போட்டிருந்தார். நடுவில் பனிமலை ரயிலுக்கென்று மூன்று நாள். கல்யாணமான நாளிலிருந்து மனைவி வாய்திறந்து கேட்ட ஒரே ஊர்சுற்றல் அது. பிள்ளைக்கு ஒரு நாளாகக் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார். மூத்தவனைப் போலவே மற்ற இருவரும் முடியவே முடியாது என்றுவிட்டார்கள்.

நல்லவேளை, மலையை மட்டும் பென்சிலில் போட்டிருந்தார். ரப்பரை எடுத்து அழித்தார்.

“அழிங்க. பிள்ளைங்களை விடவா பனி பெருசு?” என்று மனைவி எழுந்து போனாள். சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

மறுவாரம், டிக்கெட் போடும் அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். ஒன்றாம் தேதி போய்ச் சேரும் விமானத்தில் இடமில்லை, இரண்டாம் தேதிதான் கிடைக்கும் என்றாள். ஒரு நாள் குறைந்தால் பையன் மனசொடிந்துபோவானே என்று டைம்டேபிளுக்கு வேதனையாக இருந்தது. மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் மகனிடம் விஷயத்தைச் சொன்னார்.

மகன் பதறினான். “என்னப்பா இப்படிச் சொல்றீங்க? ரெண்டாம் தேதி காலையில நாங்க ஃபிளைட் ஏறணும். நீங்க ஒண்ணாம் தேதியே வந்தாத்தானே சாவியைக் கொடுக்க முடியும்?”

“ஃபிளைட்டா? எங்கடா?”

டூருக்கு என்றான் மகன். ஒரே பயணத்தில் நாலு நாடு. தங்கை குடும்பமும் தம்பி குடும்பமும்கூட அவரவர் பத்து நாளில் இப்படிக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. எல்லோரும் டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பாவிடம் தங்கை சொல்லியிருப்பாள் என்று இவன் நினைத்தானாம். இவன் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்திருப்பாள் போல.

மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து பார்த்தார். தோள் குலுங்கிய விதம் அழுகை இல்லை.

வண்டி வராமல் பயணிகள் காத்து நின்றதைச் சர்வீஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். வண்டி வந்து நின்றும் ஒருவர்கூட இல்லாத நிறுத்தத்துக்கு அட்டவணை போட்டது இதுதான் முதல் தடவை. அவருக்கே சிரிப்பு முட்டியது.

“சரிடா, நாங்க வர்றப்போ வீட்ல யாருதான் இருப்பாங்க?”

“நாய் இருக்கும்ப்பா.”