கைகள் மட்டும்

டமாரென்று கிளாப் பலகை அடித்தது.

அவன் விரல்கள் ஹார்மோனியக் கட்டைகளின் மேல் துள்ளி விழுந்தன.

"கட்! கை நடுங்குதுய்யா. அது ஒரு மேதையோட கை. நடுங்கலாமா?" டைரக்டர் கத்தினார்.

மேதை சற்றுத் தள்ளி நாற்காலியில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் ருத்ரேஷ்.

படத்தில் அவர் ஓர் ஏழை நாடக இசையமைப்பாளர். யாரும் சீந்தாத இளைஞன். கடைசிக் காட்சியில் ஒரே ஒரு பாட்டு வாசிப்பார். அரங்கமே எழுந்து நின்று அழும்.

முகம் அவருடையது.

கைகள் இவனுடையவை. ருத்ரேஷுக்கு ஹார்மோனியம் வராது.

இவனுக்கு வரும். இவன் நிஜமாகவே ஏழை நாடக இசையமைப்பாளன். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் டீ கூட ஒன்று கூடுதலாக வந்திருக்காது.

மேக்கப்காரர் தணிகை ஓடி வந்தார். காலையிலேயே இவன் முழங்கை வரை மழித்துவிட்டிருந்தார். புறங்கையில் எதையோ அப்பி இரண்டு படி வெளுக்க வைத்திருந்தார். ருத்ரேஷின் மணிக்கட்டில் ஒரு மச்சம் உண்டு. அதையும் பென்சிலால் வைத்தாயிற்று.

"வேர்க்காதீங்க தம்பி. உங்க சொந்தக் கலர் எட்டிப் பார்க்குது."

வேர்க்கத்தான் செய்தது. விளக்குகளின் சூட்டினால் அல்ல.

மானிட்டருக்குப் பின்னால் கிளாட்சன் உட்கார்ந்திருந்தார்.

படத்தின் இசையமைப்பாளர். கடைசிக் காட்சிக்கான பாட்டை மூன்று மாதமாக 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்துக்கொண்டிருந்தவர். காட்சியைக் கண்ணால் பார்த்தாலாவது மெட்டு வரட்டும் என்று டைரக்டர் இன்று தளத்துக்கே இழுத்து வந்துவிட்டார்.

"பாட்டு எப்ப வருதோ வரட்டும். நீ ஏதாவது வாசி. விரல் ஓடணும், அவ்வளவுதான். எந்தக் கட்டைய அமுக்குறேன்னு எவன் பார்க்கப் போறான்?" என்றார் டைரக்டர் இவனிடம்.

ஏதாவது.

அவனிடம் ஒரு முழு இசை நாடகம் இருந்தது. பன்னிரண்டு பாட்டு. நாலு வருட உழைப்பு. ஏறாத சபா படி இல்லை. "பாட்டைக் கொஞ்சம் குறைச்சுட்டு, சம்பந்தி சண்டை மாதிரி ரெண்டு காமெடி சீன் போடுங்களேன்" என்று ஒரு காரியதரிசி சொன்னார். அவர்தான் உள்ளதிலேயே நல்லவர். மற்றவர்கள் ஹார்மோனியப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

கடைசிப் பாட்டை இதுவரை வெளியார் யாரும் கேட்டதில்லை. அதுவரை உட்கார்ந்திருந்தவர் எவரும் இல்லை.

கிளாட்சன் இருக்கிறார். பத்தடி தூரத்தில். எழுந்து போக முடியாமல்.

"ஆக்‌ஷன்!"

அவன் துருத்தியை அழுத்தினான்.

கடைசிப் பாட்டை வாசித்தான்.

பல்லவி முடிந்தபோது ஏணி மேல் இருந்த லைட்மேன் ஸ்குரூ டிரைவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். தணிகை பஞ்சை மறந்தார். ருத்ரேஷின் ஸ்டிராவில் இளநீர் ஏறுவது நின்றது.

'கட்' சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

கிளாட்சன் எழுந்தார்.

நடந்து வந்தார்.

இதற்காகத்தானே. நாலு வருடமும் இந்தப் பத்தடிக்காகத்தானே.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தான்.

"சரணம் இருக்கா?"

இருந்தது. வாசித்தான். கிளாட்சன் குனிந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இமையோரம் ஈரமானதை அவன் பார்த்தான். பார்த்ததும் ஒரு ஸ்வரம் தடுக்கியது. சமாளித்துக்கொண்டான்.

முடிந்தது.

"யார் போட்டது இது?"

அவன் வாயைத் திறந்தான்.

கிளாட்சன் விரலை உயர்த்தினார்.

"இரு. உசிரோட இருக்கிற ஆள்னா இப்பவே சொல்லிடு, எனக்கு வேண்டவே வேண்டாம். போன படத்துல ஒருத்தன் ஏதோ நாலு வரி என்னோடதுன்னு கோர்ட்டுக்கு இழுத்து நாறடிச்சுட்டான். இனிமே எந்தப் புதுப் பயலோட மெட்டையும் இந்தக் காதால கேட்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

டைரக்டரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஆனா பழைய நாடக மெட்டு, உரிமை கேட்க ஆள் இல்லைன்னா சொல்லு. அப்படியே தூக்கிக் கிளைமாக்ஸ்ல வைக்கிறேன். நூறு வயலின் வச்சு வாசிப்பேன். ஊரே பாடும்யா இத."

ஊரே பாடும்.

ஆட்டோவில் பாடும். கல்யாண வீட்டில் பாடும். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ ஒருத்தி மொட்டை மாடியில் பாடுவாள்.

இல்லையென்றால், இந்தப் பெட்டியோடு மூடி வைக்கலாம்.

"சொல்லுப்பா. லஞ்ச் பிரேக் விடணும்" என்றார் டைரக்டர்.

ருத்ரேஷ் எழுந்து வந்து ஹார்மோனியத்தின் முன்னால் நின்றார். முகத்தை எடுக்கும் ஷாட் அடுத்தது. இவன் எழுந்து இடம் விட வேண்டும்.

எழுந்தான்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பழைய மெட்டுதான் சார். போட்டவர் செத்துட்டார். அவருக்கு யாரும் இல்ல."