கட்டைவிரல்

வந்திருந்தவர்கள்: பல் டாக்டர் மிருதுளா. பம்ப் கம்பெனி இன்ஜினீயர் கோகுல்நாத், வியர்த்தால் மாற்றிக்கொள்ள இரண்டு சட்டைகளோடு. கல்லூரிப் பெண்கள் மூவர். போன மாதம் நடனக் குழுவில் சேர்ந்த தர்ஷிணி. சிபி. அவள்.

கோயம்புத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மற்ற நாட்களில் கராத்தே வகுப்பு நடக்கும் மாடி ஹால். ஸ்பீக்கரில் ட்ரம்பெட் பிளிறிக்கொண்டிருந்தது.

கால் சும்மா இருக்காத பாட்டு.

ஆனால் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

அவள் மிருதுளாவோடு ஆடிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

ஸ்விங் ஜோடியாக ஆடுவது. ஒருவர் ஆட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். மற்றவர் கூடப் போக வேண்டும். ஆட வரும் ஆண்கள் குறைவு என்பதால் கொஞ்ச காலமாகக் கொண்டுபோகிற ஆள் அவள்தான். சிபியோடு ஆடி வருஷக்கணக்கு ஆகிறது.

குழுவை ஆரம்பித்தது அவளும் சிபியும். விதிகளும் அவர்கள் வைத்தவை. யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பாட்டு முடியும்வரை வேறு யாரோடும் ஆடக் கூடாது. கூப்பிட்டவர் மனசு நோகக் கூடாதே என்று அவள்தான் அதைச் சேர்த்தாள்.

சிபி ஒரு பெண்ணிடம் கை நீட்டினான். அந்தப் பெண் பாட்டிலைக் காட்டிச் சிரித்தாள். அடுத்தவளுக்குக் கால் வலி. அவன் பக்கத்தில் வருவதற்கு முன்பே தர்ஷிணி குனிந்துகொண்டாள்.

அவனோடு ஆடுவதைவிட ஆடாமலே இருப்பது அவர்களுக்கு மேலாக இருந்தது. அவர்களை உட்கார வைத்திருந்தது அவள் சேர்த்த அந்த விதி.

எத்தனை வாரமாக?

அவளுக்கு முகம் சூடாயிற்று.

அடுத்த பாட்டுக்கு அவளே போய் அவன் முன்னால் நின்றாள்.

“அடடா. மேடத்துக்கு இப்பதான் நம்ம ஞாபகம் வந்துச்சாக்கும்?”

ஆடினார்கள்.

முதல் சுற்றிலேயே உடம்புக்கு எல்லாம் திரும்பி வந்தது. அவன் தோள் திரும்பும் முன்பே அவளுக்குத் தெரிந்தது. ட்ரம்பெட் ஏறும் இடத்தில் சுழற்றி விட்டான். அது நிற்கும் இடத்தில் நிறுத்தினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஊரில் இப்படி ஆட வேறு ஆள் கிடையாது.

தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது கட்டைவிரல் இறங்கியது.

கொண்டுபோகிறவன் நான்கு விரல்களை மடக்கிக் கொக்கி மாதிரி கொடுப்பான். கூட ஆடுகிறவள் அதில் தன் விரல்களை மாட்டியிருப்பாள். எப்போது வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம். மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கக் கூடாது. முதல் நாள் பாடம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே சிபிதான்.

அவள் கையை உருவப் பார்த்தாள்.

வரவில்லை.

அமுக்கிப் பிடித்தபடியே, கேட்காமல், அவளைப் பின்னால் சாய்த்தான். அவள் முடி தரையில் பட்டது. பாட்டு முடியும்வரை அப்படியே வைத்திருந்தான். முகம் மிக அருகில். சிரித்துக்கொண்டிருந்தான்.

கோகுல்நாத் கை தட்டினார்.

பெண்கள் தட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தாள்.

“சிபி, நீ கெளம்பு. இனி வராத.”

“என்ன, வெளையாடறயா?”

“இல்ல.”

அவன் சுவரோரம் பார்த்தான்.

“எவ சொன்னா? பேரச் சொல்லு.”

“யாரும் சொல்லல. இப்ப உங்கூட ஆடுனது நாந்தான?”

“ஒரு சாய்ப்புக்கா இந்த அக்கப்போரு?”

அவன் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். நிதானமாக. யாராவது தடுப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

“சரி போறேன். அப்புறம் நீ யாருகூட ஆடுவ? கோகுல் சார்கூடவா?”

கோகுல்நாத் கையிலிருந்த மாற்றுச் சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

சிபி கேட்டது நியாயமான கேள்வி.

அவன் வெளியே போனான். படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

அவள் கதவருகே போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. அதன்மேல் கை வைத்தாள். தள்ளவில்லை.

படியில் இன்னும் சத்தமில்லை.

தர்ஷிணி எழுந்து வந்தாள். கதவின் மேலிருந்த அந்தக் கையை எடுத்து ஓரமாக விட்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பிறகு சாவியையும் திருப்பினாள்.