தலைக்குள் ஓர் அலை

சோபாவில் உட்காருமுன் கணவன் வழக்கம்போல் மனைவியைத் தன் இடப்பக்கம் நகர்த்தினான். கட்டிலிலும் இதே அடம்தான், பன்னிரண்டு வருஷமாக.

"அப்படி என்ன ராசியோ!" என்று நொடித்தபடி அவள் அவனுக்கு ஹெட்போனை மாட்டி, பிரவுசரில் சற்றே வேறுபட்ட இரண்டு ஓசைகளை ஓடவிட்டாள். "காதுக்கு ஒண்ணு. ரெண்டும் தலைக்குள்ள கலந்து அலையடிக்கும், பாருங்க."

அவன் கண்மூடிச் சொக்கினான். "ஒரே சீரா கொய்ங்ங்னு... சுகமா இருக்கு."

"அலையடிக்கலையா?"

ஹெட்போனை வாங்கித் தன் காதுகளில் மாட்டினாள். அலை அவளை மெத்தென்று தூக்கித் தூக்கி இறக்கியது. ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினாள். அலை நின்று, வெறும் கொய்ங்.

"ஏங்க, உங்களுக்கு ஒரு காது..."

"வலது காது. சின்ன வயசுலயே போச்சு."

"ஏன் சொல்லவே இல்ல?"

"உன் பேச்சுல ஒண்ணையாவது தவற விட்டிருக்கேனா? கேக்கற காதை எப்பவும் உன் பக்கம்தானே வெச்சிருந்தேன்!"