‘அண்டர்’ என்றால் அடியில்

“மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம் டீச்சர். இந்தச் சின்னச் சின்ன வார்த்தைங்க மட்டும் சொல்லிக் குடுங்க. இன், ஆன், அண்டர்... முக்கியமா அண்டர்.”

இஸ்திரிக்காரம்மா இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மற்றவர்கள் கலைந்து போன பிறகும் இவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாள். மகன் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன் என்று முதல் நாள் சொல்லியிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளப் போகிறான் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

“உங்க வேலையை வச்சே சொல்றேன். இஸ்திரிப் பெட்டி துணி மேல இருந்தா, ஆன். அப்போ துணி?”

“பெட்டிக்கு அடியில. அண்டர்.”

“அவ்வளவுதான்! நம்ம பேச்சுல ‘அடியில’ங்கிறது பொருளுக்குப் பின்னால வரும். இங்கிலீஷ்ல அது முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால வந்து நிக்கும்.”

“அப்போ அண்டருக்கு அடுத்து எது வருதோ, அதுதான் மேல கிடந்து அமுக்குது. சரிதானே?”

“ரொம்பச் சரி” என்று டீச்சர் சிரித்தாள். அந்தம்மா சிரிக்கவில்லை. சூடுபட்டுக் கறுத்த விரல்களால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“ஏம்மா இத்தனை அவசரம்? மகன் விசா அனுப்பிட்டானா?”

அந்தம்மா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

“நாலு பேர்கிட்ட படிக்கக் குடுத்தேன் டீச்சர். இந்த வரி வந்ததும் எல்லாரும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, ‘விபத்துதாம்மா’ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. யாரும் வேணாம், நானே படிச்சுக்கிறேன்னுதான் உங்ககிட்ட வந்தேன். மூடின பெட்டியாத்தான் வந்தான். முகத்தைக்கூட நான் பார்க்கல.”

டீச்சர் கடிதத்தை வாங்கி அந்த வரியைப் படித்தாள். கம்பெனி எழுதியிருந்தது: விழுந்தபோது அவர் ‘அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’. அதாவது குடிபோதையில் இருந்தார். சாவுக்கு அவரே பொறுப்பு.

“நேத்துதான் எழுத்துக் கூட்டி நானே படிச்சு முடிச்சேன்.” அந்தம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். “அந்த இன்ஃப்ளுயன்ஸுங்கிற மெஷின் எவ்வளவு கனம் இருக்கும் டீச்சர்? என் புள்ள அதுக்கு அடியில ரொம்ப நேரம் கிடந்திருப்பானா?”