எந்த கேம்ஷாஃப்ட்?

பழைய காரின் இஞ்சினுக்கு நவமணி போட்டிருப்பது மூன்றாவது கேம்ஷாஃப்ட், அதாவது இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. முதலாவதைப் போட்டபோது வண்டி பறந்தது, ஆனால் சிக்னலில் நின்றால் அணைந்துபோனது. அடுத்ததில் அணையவில்லை, பறக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் நவமணி கேட்கவில்லை.

"எனக்குப் பறக்க வேண்டாமுங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போனாப் போதும்," என்றாள் மனைவி யோகேஸ்வரி. அவள் கணக்கு டீச்சர்.

"இது அணையாது, ஏறு புள்ள."

அவிநாசி ரோட்டின் முதல் சிக்னலிலேயே இஞ்சின் இருமி அணைந்தது. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார், பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு, அவளைத் தன் சீட்டில் உட்காரச் சொல்லி இறங்கித் தள்ளினார்.

"இப்ப கிளட்ச்ச விடு!"

வண்டி குலுங்கி உயிர் பெற்றது.

"ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துறாத, அணைஞ்சு போயிரும்!"

அவள் எடுக்கவில்லை. இத்தனை மாதமாக அவர் கேட்கத் தவித்த அந்த உறுமல், அவரை வியர்வையோடு நடுரோட்டில் விட்டுவிட்டு எழுந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பாலத்தின் கீழே திரும்ப வேண்டும். அவள் பாலத்தின் மேல் ஏறி, நான்காவது கியருக்கு மாற்றுவது கேட்டது.